சுவரில் நான் மாற்றிய எழுத்து

அன்று மதியம் அந்த ஓவியக் காட்சிக் கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். மேற்பார்வையாளர் மிஸ்டர் கோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணியின் மேலே சுகுமாறன் விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் ஜோகூர்க்காரன், மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து போக உட்லண்ட்ஸ் பாலத்தைத் தினம் இரண்டு முறை கடப்பவன். நான் சுவரோரம் மண்டியிட்டு ஸ்டிக்கர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். இல்லாதவர்களும் மூன்று பேர். ஓவியர் நளினா பூன் லேயில் தன் பட்டறையில் இருந்தார். காட்சியை அமைக்கிற கியூரேட்டர் அம்மையார் ஏதோ கூட்டத்தில் இருந்தார். ஓவியத்தில் உட்கார்ந்திருக்கும் செல்வம், தேக்கா சந்தை மாடியில் தன் தையல் கடையில் இருந்தார். இருந்தவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சுகுமாறன் வாய் நிறையத் தமிழ் பேசுவான். ஆனால் படித்தது மலாய்ப் பள்ளியில், எழுத்து தெரியாது.

போன மாதத்தோடு இந்த வேலையை விட்டேன். வயது முப்பத்து நான்கு. ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் தோளுக்கு மேலே பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், படம் மாட்டுகிறவனுக்கு அதுதான் ஓய்வு. இப்போது சுவரில் எழுத்தும் ஒட்டுவதில்லை. ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கிறது. கைப்பேசியைக் காட்டினால் படத்தின் பெயர், விவரம் எல்லாம் அதில் வருகிறது. தப்பிருந்தால் ஆபீசில் உட்கார்ந்தபடியே மாற்றிவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேர், "அண்ணே, கையால ஒட்டின காலத்துல தப்பாப் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. ஊரில் ரேஷன் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டு வயதிலிருந்து தெருவுக்கே படித்துச் சொன்னவன். டிப்ளமா முடித்து, சிங்கப்பூர் வந்து, கப்பல் பட்டறையில் இரண்டு வருடம் வெல்டிங் செய்து, பிறகு ஓவியங்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் கம்பெனிக்கு வந்தேன். பெட்டி அடிப்பதில் தொடங்கி, தூக்குவது, மாட்டுவது, எழுத்து ஒட்டுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மிஸ்டர் கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயது. கத்த மாட்டார். ஓவியம் இருக்கும் அறைக்குள் பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில்தான். கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். தூக்குவதற்கு முன் எல்லா மேற்பார்வையாளர்களும் "ரெடியா?" என்று கேட்பார்கள். இவர், "யார் ரெடி இல்லை?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால்தான் ஒருவன் வாயைத் திறந்து சொல்வான் என்பார். ஒரு படம் கைக்கு வந்ததும் அதன் நிலையை எழுத வேண்டும். கண்டிஷன் ரிப்போர்ட் என்போம். எங்கே விரிசல், எங்கே கறை, எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். "பாரு, எழுது. அதோட நிறுத்து. திருத்துறது நம்ம வேலை இல்லை." அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவர் போடுகிற 'லா' மட்டும் விட்டுப்போயிற்று.

தமிழ் எழுத்துக்கு மட்டும் இந்த விதியில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையைப் போட்டவன் நான்.

தமிழ் வரிகள் கம்ப்யூட்டரிலிருந்து வெட்டும் இயந்திரத்துக்குப் போகும்போது உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். புள்ளி காணாமல் போகும். ஒரு முறை எண்ணெய் வண்ணம் என்று வரவேண்டிய இடத்தில் எண்ண வண்ணம் என்று வெட்டி வந்திருந்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது நான் கண்டுபிடித்தேன். கியூரேட்டர் அம்மையார் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். அன்றிலிருந்து தமிழ் என்றால் என்னிடம் கேட்பார்கள். உடைந்த எழுத்தை மாற்ற யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்று ஆனது. பழைய காட்சிகளில் மிஞ்சிய புள்ளி, கால், கொம்பு, முழு எழுத்து எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். சுகுமாறன் அதற்கு வாத்தியார் டின் என்று பேர் வைத்தான்.

நளினா பெரிய அளவில் மனிதர்களை வரைகிறவர். ஐம்பதை நெருங்கிய வயது; இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒருவரையே பல வருடம் வரைவார். அந்த ஆள் மாற மாற அதே துணியில் மேலே மேலே வரைந்துகொண்டு போவார். புதிதாகத் துணி எடுப்பதில்லை, பழையதைச் சுரண்டுவதும் இல்லை. செல்வத்தின் படம் ஏழு வருடம் அப்படி வளர்ந்தது. அதை எடுத்துவர பூன் லே பட்டறைக்கு நானும் சுகுமாறனும் போனோம்.

ரிப்போர்ட் எழுத, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். ஒரு சாண் அளவுக்குக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு போவேன். ஆறடிப் படத்தை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். முழுதாகப் பார்ப்பது அபூர்வம். முகத்துக்கு வந்தபோது மேலுதட்டுக்கு மேல் தடிப்பாக ஒரு மேடு.

"மேடம், இங்க பெயிண்ட் புடைச்சிருக்கு. சேதமா?"

"சேதம் இல்லை. முன்னாடி இருந்தது" என்றார் நளினா.

"மீசையா மேடம்?"

"மீசைதான். எழுதிக்கோங்க."

எழுதினேன். 'மேலுதட்டின் மேல் மீசை வடிவில் புடைப்பு. அடிவண்ணம். சேதம் அன்று.' அந்த வரியை எழுதியபோது திருப்தியாக இருந்தது. யார் கண்ணுக்கும் படாததை நான் பார்த்துவிட்டேன்.

இனி வருவது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படிப்பவர் குழம்பாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். செல்வம் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர். தேக்காவில் சட்டை, பேன்ட், ரவிக்கை எல்லாவற்றுக்கும் ஆல்டரேஷன் செய்து கொடுப்பவர். பேரை ஏன் மாற்றவில்லை என்று நளினா கேட்டதற்கு, "அம்மா வச்ச பேரு மேடம். அளவு சரியாத்தானே இருக்கு, அதுல எதுக்குக் கத்திரியை வைக்கணும்?" என்றாராம். அவருக்கு ஒரே அண்ணன், தங்கராசு. பூன் லே பக்கம் பஸ் ஓட்டுகிறார். ஆறு வருடமாகத் தம்பி என்று ஒரு ஆள் இருந்தான், இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நளினா வழியாகப் பேசிப் பேசி, திறப்பு விழாவுக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார்.

படத்தைக் காட்சிக்கு வைக்கச் சம்மதிக்கும்போது செல்வம் கேட்டது ஒன்றுதான். படத்தின் பெயர் தமிழில் சுவரில் இருக்க வேண்டும்: செல்வம் வந்துவிட்டாள். ஆங்கில வரியில் பிரச்சினையே இல்லை. 'செல்வம் இஸ் ஹியர்' என்பதில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. 'வந்துவிட்டார்' என்று போட்டால் யாருக்கும் வம்பில்லையே என்று நளினா கேட்டிருக்கிறார்.

"மரியாதையெல்லாம் கடையில கஸ்டமர் குடுக்கிறாங்க மேடம். எங்கண்ணன் அந்த வரியை வாயால படிக்கணும். ஒரு தடவை போதும்" என்றாராம் செல்வம்.

அந்த வரிதான் அன்று மதியம் என் கையில் இருந்தது.

படம் என் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. தையல்காரர் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கை மடித்திருக்கிறது, கழுத்தில் அளவு டேப், பின்னால் முடிந்த முடி. பார்த்த உடனே ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். எனக்குக் கடினமாக இல்லை. பேர் செல்வம். மீசையை நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். என் கையெழுத்தில் ரிப்போர்ட் இருக்கிறது.

"சுகு, இங்க பாரு, ஆம்பளைக்கு 'ள்' போட்டிருக்கானுங்க" என்றேன்.

"எனக்கு எப்படிடா தெரியும்? எல்லாம் ஜிலேபி மாதிரிதான் இருக்கு" என்றான் அவன் ஏணியிலிருந்து. "என்னா வாத்தியாரே, மார்க் கொறைக்கப் போறியா?"

மிஸ்டர் கோ என்னைப் பார்த்தார். "உடைஞ்ச எழுத்தா, தப்பான எழுத்தா?" என்று கேட்டார்.

வித்தியாசம் எனக்குத் தெரியும். உடைந்தது என்றால் நானே மாற்றலாம். தப்பு என்றால் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். சீட்டு எழுதாமல் கியூரேட்டர் அம்மையாருக்கு அங்கேயே போன் போட்டேன். தமிழில் ஓர் எழுத்து பிழை, மாற்றட்டுமா என்று கேட்டேன். கூட்டத்திலிருந்து கிசுகிசுத்த குரலில், "ஓகே ஓகே, மாத்திடுங்க, தேங்க்ஸ் ஆ" என்றார். அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று அவருக்குத் தெரியாது. நளினாவின் நம்பரும் என் போனில் இருந்தது. கூப்பிடத் தோன்றவில்லை. பிழை என்று எனக்கே தெரிந்ததை அவரிடம் எதற்குக் கேட்பது என்று நினைத்தேன்.

ஒட்டிய எழுத்தை எடுக்க ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்ட வேண்டும். பிளேடு நுனியை அடியில் விட்டு, சுவரோடு சுவராகத் தாழ்வாக இழுக்க வேண்டும். தூக்கி இழுத்தால் பெயிண்ட் பெயர்ந்து வரும். ள் சுருண்டு கையோடு வந்தது. குப்பையில் போட்டேன். டின்னில் அதே அளவில் ஒரு ன் இருந்தது. மட்டம் வைத்துப் பார்த்து, பென்சிலில் கோடு போட்டு, ஒட்டி, கோட்டை அழித்தேன். பத்து நிமிட வேலை. சுத்தமாகச் செய்தேன்.

மாலை ஆறு மணிக்குத் திறப்பு. ஏதாவது விளக்கு அணைந்தால் பார்க்க, கருவிப் பையோடு நான் மூலையில் நின்றேன். செல்வம் கரும்பச்சைப் பட்டில் வந்தார். பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையை இன் பண்ணியபடி ஒரு பெரியவர். அவர்தான் அண்ணன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நளினா ஓடி வந்து இருவரையும் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கண் அண்ணனின் முகத்தில் இருந்தது, சுவரைப் பார்க்கவில்லை.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலை வரியின் கீழே ஓட்டியபடி சத்தமாகப் படித்தார்.

"செல்வம்... வந்து... விட்டான்."

நிமிர்ந்தார். "சரியாத்தானே போட்டிருக்காங்க."

செல்வம் குனிந்து படித்தார். "இல்லண்ணே. இது இப்படி இல்ல."

"என்ன இல்ல? இம்மாம் பெரிய எடத்துல தெரியாமயா போடுவாங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. நிம்மதி இருந்தது. "இதைக் காட்டவா கூப்பிட்டே? எனக்குத் தெரிஞ்சதுதானே." கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "காலையில ஷிப்ட் இருக்கு. வர்றேன் மேடம்."

அவர் போன பிறகு நளினா சுவரைப் பார்த்தார்.

"யாரு இதை மாத்தினது?"

"நான்தான் மேடம். தப்பா இருந்துச்சு, திருத்தினேன்."

"தப்பா?"

செல்வம் என் பக்கம் திரும்பினார். கண்ணில் மை கலையவில்லை.

"தம்பி படிச்சவங்களா?"

"டிப்ளமா அக்கா."

அக்கா என்று தானாக வந்தது. வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

"அதான்" என்றார் செல்வம். "படிக்காத ஆளா இருந்தா குடுத்ததை அப்படியே ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்."

டின்னைக் கொட்டித் தேடினேன். ள் சின்ன அளவில்தான் இருந்தது. ஆட்கள் நிற்கும்போதே மண்டியிட்டு ன்-ஐ மட்டும் உரித்தேன். சுவரில் 'செல்வம் வந்துவிட்டா' என்று நின்றது. செல்வம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வீட்டுல பேசற மாதிரி இருக்கு. இப்படி இருந்திருந்தாக்கூட அண்ணன் படிச்சிருக்கும்."

மிஸ்டர் கோ மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. குப்பையில் போட்ட எழுத்து எது, ஒட்டிய எழுத்து எது, இரண்டையும் தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அவன், இது அவள். அப்படியா?"

"ஆமா."

"நீ என்ன பார்த்தே?"

"மீசையைப் பார்த்தேன்."

"அது எத்தனாவது லேயர்?"

அடியில் இருந்தது என்றேன். அவர் இழுப்பறையைத் திறந்தார். நான் எழுதிய ரிப்போர்ட்டை எடுத்து, 'அடிவண்ணம்' என்று நானே எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். என் ஒன்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை அந்த விரல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூன் லே பஸ் நிலையத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அண்ணன் ஓட்டும் பஸ் எண்ணை நளினாவிடம் வாங்கியிருந்தேன். ஓட்டுநர்கள் காப்பி குடிக்கும் இடத்தில் சிவப்புத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அந்த எழுத்தை ஒட்டினவன் நான். அவங்க எழுதிக் குடுத்தது வந்துவிட்டாள்னுதான். நான்தான் 'ன்' போட்டுட்டேன்."

"எதுக்குப் போட்டே?"

"தப்புன்னு நெனச்சேன்."

"நானும் அதானப்பா நெனக்கிறேன், ஆறு வருஷமா." காப்பியை ஆற்றினார். "நான் அஞ்சாவதோட நிறுத்தினவன். நீ படிச்ச பிள்ளை. உனக்கே அப்படித்தான் தோணியிருக்கு. இப்ப வந்து தப்புங்கறே. எதை நம்பச் சொல்றே?"

"எனக்குத் தோணினதை நம்ப வேணாம்ணே. அவங்க எழுதினதை நம்புங்க. அவங்க படம். என்னை யாரும் கேக்கல."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, "செல்வம் சொல்லி அனுப்பிச்சா..." என்று ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது. அனுப்பிச்சானா என்றாரா, அனுப்பிச்சாளா என்றாரா? எனக்குக் கேட்கவில்லை. "இல்லண்ணே, நானாத்தான் வந்தேன்" என்றேன். அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அங்கிருந்து நேரே தேக்காவுக்குப் போனேன். செல்வம் ஒரு பள்ளிச் சீருடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"னாவா, ளாவா?"

"கேக்கலக்கா. பஸ் சத்தம்."

"காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?" என்று சிரித்தார். சிரிப்பு உடனே நின்றது. "உங்களுக்கு என்ன தோணுச்சு?"

எனக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது. அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்பதும் தெரிந்தது.

"கேக்கலக்கா" என்றேன் மறுபடியும்.

செல்வம் ஊசியை எடுத்தார். "சரி. கேக்கலைன்னா கேக்கலைன்னே இருக்கட்டும்."

புது எழுத்து வியாழக்கிழமை வந்தது. நளினா வந்து நின்று பார்க்க, ஒட்டினேன். காட்சி ஆறு வாரம் நடந்தது. அண்ணன் மறுபடி வரவில்லை. செல்வம் எல்லா ஞாயிறும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் மூடும்வரை உட்கார்ந்திருப்பார் என்று காவலாளி சொன்னார். வாசல் தெரிகிற மாதிரித் திரும்பி உட்காருவாராம். கடைசி ஞாயிறும் அப்படித்தான் இருந்தார்.

படத்தை இறக்கிய அன்று மிஸ்டர் கோ விபத்துப் படிவத்தை முடித்தார். அதில் நான்கு கட்டம்தான். என்ன நடந்தது: ஓர் எழுத்து தவறாக மாற்றப்பட்டது. பொறுப்பாளர்: என் பெயர். ஓவியத்துக்குச் சேதம்: இல்லை. நான்காவது கட்டம் செலவு. எழுத்து வெட்டித் தருகிற கடை, ஒரே எழுத்தானாலும் முழு வரிக்கு உண்டான கூலியை வாங்கும். கம்பெனி கட்டியது முப்பத்தெட்டு சிங்கப்பூர் வெள்ளி.